கோப்பு 400 எம்பி, ராம் 4 ஜிபி, ஆனாலும் ‘கில்டு’: பைத்தான் மெமரியை எங்கே விழுங்குகிறது?

கேள்வி சுருக்கமாக இது. ஏற்காட்டுக் காபி எஸ்டேட்களில் 40 சென்சார் பெட்டிகள். ஒவ்வொன்றும் 30 விநாடிக்கு ஒருமுறை வெப்பநிலை, காற்றின் ஈரப்பதம், இலை நனைந்திருக்கிறதா இல்லையா என்று ஒரு வரி அனுப்புகிறது. சேலம் ஐந்து ரோடு அலுவலகத்தில் 4 ஜிபி ராம் உள்ள உபுண்டு 22.04 (லினக்ஸ்) கம்ப்யூட்டரில் அவற்றை வைத்து நாள் சராசரி, தொடர் நனைவு, இடைநிலை என்று மூன்று கணக்கைப் போடும் பைத்தான் ஸ்கிரிப்ட். ஒரு மாதக் கோப்பைக் கொடுத்தால் திணறித் திணறி முடிக்கிறது. இரண்டு மாதத்தைச் சேர்த்துக் கொடுத்தால் ‘கில்டு’ என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுகிறது. கோப்போ வெறும் 400 எம்பி. ஒரு மாத லிஸ்டை, பொருளின் அளவைச் சொல்லும் கெட்சைஸ்ஆஃப் வைத்து அளந்தால் 30 எம்பிதான் காட்டுகிறது. டெல் போட்டு அழித்தும், குப்பை அள்ளும் ஜிசி கலெக்ட் கூப்பிட்டும், ஓடும் புரோகிராம்களின் மெமரியைக் காட்டும் டாப் கட்டளையில் எண் இறங்கவில்லை. கூடவே இன்னொன்று: மலைமேல் 1 ஜிபி ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டில், பெட்டிகளின் வரிகளை வாங்கி அனுப்பும் ஸ்கிரிப்ட் நாளுக்கு நாள் வீங்கி, மூன்று நான்கு நாளில் தொங்கிவிடுகிறது. கடைசியாக, பிஎச்பி அறிக்கைப் பக்கத்தில் வரும் மெமரிப் பிழை பற்றியும் ஒரு வரி.

அலுவலகப் பிரச்சினையும் மலைப் பிரச்சினையும் வேறுவேறு. அலுவலக ஸ்கிரிப்டில் லீக் (விட வேண்டிய மெமரியை விடாமல் வைத்திருப்பது) எதுவும் இல்லை. நீங்கள் வைத்திருக்கச் சொன்னதைத்தான் அது வைத்திருக்கிறது. மலையில் ஓடுவதில்தான் ஏதோ ஒன்று தேங்குகிறது.

முதலில் ‘கில்டு’. பைத்தானுக்கு மெமரி போதாவிட்டால் மெமரிஎர்ரர் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். லினக்ஸில் பெரும்பாலும் அது வராது. கேட்ட இடத்தை எல்லாம் லினக்ஸின் மையமான கெர்னல் முதலில் ‘சரி’ என்று கொடுத்துவிடும், நிஜமாகத் தொடும்போதுதான் ராமை ஒதுக்கும். கையிருப்பு தீர்ந்ததும் கெர்னலின் ஓஓஎம் கில்லர் அதிகம் தின்கிற புராசஸை (ஓடும் புரோகிராமை) பார்த்து அடிக்கும். அடி வாங்கியவனுக்கு ஒரு வரி எழுதக்கூட அவகாசம் கிடையாது. வெளியேறிய எண் 137 என்றால் அதுதான்: 128-உடன் சிக்னல் 9. கெர்னல் பதிவுகளைக் காட்டும் டிமெஸ்க் (dmesg) கட்டளையைப் போட்டுக் கடைசி வரிகளைப் பார்த்தால் எந்தப் புராசஸ், எவ்வளவு வைத்திருந்தது என்று எழுதியிருக்கும்.

எந்த வரியில் விழுகிறது என்று தெரிய வேண்டுமானால் ஓட்டும் முன் அதே டெர்மினலில் யூலிமிட் கட்டளையின் சின்ன வி சுவிட்சில் 2621440 கொடுங்கள். அது கேபி கணக்கு, அதாவது 2.5 ஜிபி. இப்போது பைத்தானுக்கே ‘இல்லை’ என்ற பதில் போகும், மெமரிஎர்ரர் வரி எண்ணோடு வரும். இந்த எல்லை நிஜ ராமுக்கு அல்ல, முகவரி இடத்துக்கு. எண் கணக்குக்கான நம்பை மாதிரி நூலகங்கள் தொடாத இடத்தையும் முன்பதிவு செய்துகொள்ளும் என்பதால் இறுக்கிப் பிடித்தால் இறக்குமதியிலேயே விழும்.

இப்போது 400 எம்பி எப்படி 5 ஜிபி ஆகிறது என்று ஒரே ஒரு வரியை எடுத்து எண்ணிப் பார்க்கலாம். உபுண்டு 22.04-இல் இருப்பது பைத்தான் 3.10. எண்கள் அந்தப் பதிப்புக்கு, 64 பிட்டுக்கு. கோப்பில் வரி இப்படி இருக்கிறது: தேதி-நேரம் 19 எழுத்து, இடம் ‘நாகலூர்’, பெட்டி எண் 17, வெப்பநிலை 18.4, ஈரப்பதம் 93.2, நனைவு 1. வட்டில் 57 பைட். அதில் நாகலூர் மட்டும் 21 பைட், ஏனென்றால் யூடிஎஃப்-8 இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். 40 பெட்டி, 30 நாள், நாளைக்கு 2,880 வரி என்றால் மாதம் 34,56,000 வரி, 197 எம்பி.

கோப்பைப் படிக்கும் டிக்ட்ரீடர் அந்த வரியை எடுத்துப் பெயர்-மதிப்பு ஜோடிகளான டிக்ஷனரி ஆக்கும்போது நடப்பது வேறு. பைத்தானில் ஒவ்வொரு சரத்துக்கும் தனித் தலைப்பகுதி உண்டு. ஆங்கில எழுத்து, எண் மட்டும் உள்ள சரத்துக்கு 49 பைட்டோடு எழுத்துக்கு ஒரு பைட். தமிழ் வந்தால் தலைப்பகுதி 74, குறியீட்டுக்கு 2 பைட். பிறகு எல்லாம் 16-இன் மடங்காக மேலே ஏற்றப்படும். ஆக தேதி 80, நாகலூர் 96, பெட்டி எண் 64, வெப்பநிலை 64, ஈரப்பதம் 64. நனைவு ஒற்றை எழுத்து என்பதால் பைத்தான் ஏற்கெனவே வைத்திருக்கும் பொதுப் பிரதியையே காட்டிவிடும், செலவில்லை. டிக்ஷனரி கூடு 360. லிஸ்டில் அதற்கான சுட்டி (பொருள் இருக்கும் இடத்தின் முகவரி) 8. கூட்டினால் 736 பைட். 57 பைட் வரி 736 ஆனது. மாதத்துக்கு 2.5 ஜிபி, இரண்டு மாதத்துக்கு 5 ஜிபி. பிரவுசரும் டெஸ்க்டாப்பும் ஓடும் 4 ஜிபி மெஷினில் முதல் மாதம், ராம் போதாதபோது வட்டில் இடம் தரும் ஸ்வாப்பைத் தொட்டுக்கொண்டு முடிவதும், இரண்டாம் மாதம் செத்துப்போவதும் கணக்குப்படியே நடக்கிறது.

அந்த 360-ஐக் கொஞ்சம் பாருங்கள். ஐந்து பத்தியோடு (தேதி, பெட்டி எண் மாதிரித் தகவல் வகைகள்) நின்றிருந்தால் டிக்ஷனரி 232 பைட்தான். ஆறாவது பத்தி வந்ததும் உள்ளே இருக்கும் அட்டவணை எட்டிலிருந்து பதினாறு கட்டத்துக்குத் தாவுகிறது. யாரோ ஒருவர் ‘இடப் பெயரும் இருக்கட்டுமே’ என்று சேர்த்ததற்கு வரிக்கு 128 பைட் கூடுக்கும், 96 பைட் பெயருக்கும். 69 லட்சம் வரியில் ‘நாகலூர்’, ‘மஞ்சக்குட்டை’, ‘வெள்ளக்கடை’ என்று அதே சில பெயர்கள் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்கின்றன. பெயர்களுக்கு மட்டும் 660 எம்பிக்கு மேல்!

கெட்சைஸ்ஆஃப் ஏன் 30 எம்பி காட்டியது என்பதும் இதிலேயே இருக்கிறது. அது லிஸ்டின் மேல்தோலை மட்டும் அளக்கிறது: 34.5 லட்சம் சுட்டி, தலா 8 பைட், அப்பெண்ட் வசதிக்காக எட்டில் ஒரு பங்கு வரை கூடுதல் இடம். சுட்டி காட்டும் பொருள்களை அது தொடவே தொடாது. புராசஸ் நிஜமாக எவ்வளவு உச்சம் தொட்டது என்பதே உங்களுக்கு வேண்டிய எண். அதற்கு யூஎஸ்ஆர் பின் அடைவில் இருக்கும் டைம் கட்டளையை முழுப் பாதையோடு, சின்ன வி சுவிட்சோடு ஓட்டுங்கள். வெறுமனே டைம் என்று அடித்தால் பேஷ் தன்னுடைய சொந்த டைமை ஓட்டும், அதில் மெமரி வராது. ‘மேக்ஸிமம் ரெசிடெண்ட் செட் சைஸ்’ வரியில் வருவது கேபி. ஸ்கிரிப்டுக்குள்ளிருந்தே ரிசோர்ஸ் மாட்யூலில் கெட்ஆர்யூசேஜ் கேட்டாலும் அதே எண் கிடைக்கும். லினக்ஸில் அது கேபி, மேக்கில் பைட். இரண்டையும் குழப்பி ஆயிரம் மடங்கு தப்பாகச் சொல்பவர்கள் நிறைய.

ராம் வாங்கலாமா என்று கேட்டால், வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் இதே வழியில் ஒரு வருடக் கணக்குக்கு 30 ஜிபி வேண்டும். உண்மையான கேள்வி, அந்த 69 லட்சம் வரியும் ஒரே நேரத்தில் கையில் இருக்க வேண்டிய வேலை இதில் ஏதாவது இருக்கிறதா என்பதுதான். நீங்கள் எழுதிய மூன்று வேலைகளையும் பார்த்தால், எதற்கும் வேண்டியதில்லை.

நாள் சராசரி, குறைந்தது, கூடியது. இதற்கு ஒவ்வொரு பெட்டிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் எண்ணிக்கை, கூட்டல், குறைந்தது, கூடியது என்று நான்கு எண் போதும். 40 பெட்டி, 60 நாள், 2,400 பதிவு. சில எம்பிக்குள் அடங்கிவிடும். டிக்ட்ரீடருக்குப் பதில் சாதா ரீடர், ஃபார் லூப்பில் ஒவ்வொரு வரியாக, படித்த வரியை எந்த லிஸ்டிலும் சேர்க்காமல். தேதி வேண்டுமானால் முதல் 10 எழுத்தை வெட்டினாலே போதும், 69 லட்சம் தடவை எஸ்டிஆர்பிடைம் கூப்பிடாதீர்கள். அது மெமரிப் பிரச்சினை இல்லை, ஆனால் நேரம் வீணாகும்.

காபியின் இலைத்துரு நோய் எச்சரிக்கைக்காக ‘தொடர்ந்து எத்தனை மணி நேரம் இலை நனைந்திருந்தது’. இலைத்துரு வித்து முளைக்க இலைமேல் நீர் நிற்க வேண்டும் என்பதால் தொடர்ச்சிதான் முக்கியம், மொத்தம் அல்ல. இதற்குப் பெட்டிக்கு மூன்றே மூன்று தகவல்: கடைசியாக வரி வந்த நேரம், நனைவு தொடங்கிய நேரம், இதுவரை கண்ட நீளமான நனைவு. 40 பெட்டிக்கு 120 மதிப்பு. ஒன்று மட்டும் கவனம். கடைசி வரிக்கும் இந்த வரிக்கும் இடைவெளி இரண்டு நிமிடத்துக்கு மேல் இருந்தால் தொடர்ச்சியை முறித்துவிடுங்கள். கரண்ட் போய் பெட்டி அணைந்திருந்த ஆறு மணி நேரத்தையும் நனைவாகக் கணக்கிட்டால் தேவையில்லாமல் மருந்து அடிக்கச் சொல்வீர்கள்.

மூன்றாவது, இடைநிலை. எல்லா மதிப்பையும் வரிசைப்படுத்தினால்தான் நடு மதிப்பு தெரியும், அதனால் லிஸ்ட் தவிர்க்க முடியாது என்று எழுதியிருந்தீர்கள். பொதுவாக அது சரிதான், இங்கே சரியில்லை. உங்கள் சென்சார் தசமத்துக்குப் பின் ஓர் இலக்கம்தான் கொடுக்கிறது. வெப்பநிலை 0-இலிருந்து 40 வரை என்றால் சாத்தியமான மதிப்புகள் மொத்தம் 401. பத்தால் பெருக்கி, முழு எண்ணாக்கி, 401 கட்டம் உள்ள எண்ணிக்கைப் பெட்டியில் ஒவ்வொரு வரிக்கும் ஒன்று கூட்டுங்கள். கடைசியில் கீழிருந்து கூட்டிக்கொண்டே போய், பாதி எண்ணிக்கையைத் தாண்டும் கட்டம்தான் இடைநிலை. தோராயம் அல்ல, துல்லியமான விடை. மொத்த எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்து நடு இரண்டும் வேறு கட்டத்தில் விழுந்தால் அவற்றின் சராசரி. முழு எண்ணாக்கும்போது ரவுண்ட் போடுங்கள், அதுவே பாதுகாப்பு.

லிஸ்டுக்குப் பதில் ஒவ்வொரு வரியாகத் தரும் ஜெனரேட்டருக்கு மாறும்போது எல்லோரும் ஒருமுறை இடறும் கல் ஒன்று உண்டு. ஜெனரேட்டர் ஒரு முறைதான் ஓடும். அதே ஜெனரேட்டரை முதலில் சம், பிறகு மேக்ஸ் என்று கொடுத்தால் இரண்டாவதற்கு எதுவும் மிஞ்சாது, காலி வரிசை என்று பிழை வரும். லென் மட்டும் போட்டுப் பார்க்கலாமே என்று லிஸ்டுக்குள் போட்டால் மறுபடி 5 ஜிபி.

வரிகள் நேர வரிசையில் இல்லாவிட்டால்? மலையில் மழைக்கு நெட் போனால் பெட்டி சேர்த்து வைத்துப் பிறகு அனுப்பும், ஆகவே காலை 4 மணி வரி மதியம் 2 மணி வரிக்குப் பின்னால் வரும், சில வரி இரண்டு தடவையும் வரும். இதற்காக மறுபடி லிஸ்டுக்குப் போகாதீர்கள். லினக்ஸின் சார்ட் கட்டளை ராமில் கொள்ளாததை வட்டில் துண்டு துண்டாக வரிசைப்படுத்தி, பிறகு இணைத்துக்கொள்ளும். எல்சி-ஆல் மாறியை சி என்று வைத்துவிட்டு, பிரிப்பான் கமா, முதல் சாவி மூன்றாம் பத்தி, அடுத்த சாவி முதல் பத்தி, பெரிய எஸ் சுவிட்சில் 500எம் என்று கொடுங்கள். ஆண்டு-மாதம்-நாள் வடிவத்தில் இருப்பதால் எழுத்து வரிசையே கால வரிசை. தலைப்பு வரியை முன்பே டெயில் கட்டளையால் நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் வரிசைக்குள் எங்கோ போய் ஒளிந்துகொள்ளும். தற்காலிகக் கோப்புகள் டெம்ப் அடைவுக்குப் போகும். சில லினக்ஸ் வகைகளில் அந்த அடைவே ராமில்தான் இருக்கிறது, அப்படியானால் பெரிய டி சுவிட்சில் வட்டில் உள்ள வேறு அடைவைக் காட்டுங்கள். வரிசை ஆன பிறகு இரட்டை வரிகள் அடுத்தடுத்து நிற்கும். முந்தைய வரியோடு ஒப்பிட்டுத் தள்ளிவிடலாம், 69 லட்சம் உறுப்புள்ள செட் வேண்டாம்.

திரும்பத் திரும்ப வேறுவேறு கேள்வி கேட்கப் போகிறீர்கள் என்றால் ஒரே கோப்பில் இருக்கும் தரவுத்தளமான எஸ்கியூலைட்டில் ஏற்றிவிடுவது நல்லது. எக்ஸிக்யூட்மெனிக்கு ஜெனரேட்டரையே கொடுக்கலாம். வரிக்கு வரி கமிட் போடாதீர்கள், எல்லாவற்றுக்கும் ஒன்று. அதன் பக்கத் தற்காலிக இருப்பு இயல்பாக 2 எம்பி சுற்றித்தான், ஆகவே ராம் பயமில்லை. எடுக்கும்போது ஃபெட்ச்ஆல் என்று எழுதினால் மட்டும் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். கர்சரையே ஃபார் லூப்பில் ஓட்டுங்கள்.

எல்லாத் தரவும் ராமில் இருந்தே தீர வேண்டிய வேலையும் சில சமயம் வரும். வரைபடம் வரைய, பெட்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிட. அப்போது வரிக்கு ஒரு பொருள் என்பதை விட்டுப் பத்திக்கு ஓர் அரே என்று மாறுங்கள். நேரம் 4 பைட் முழு எண்ணாக, இடக் குறி 1, பெட்டி எண் 1, வெப்பநிலையைப் பத்தால் பெருக்கி 2, ஈரப்பதமும் அப்படியே 2, நனைவு 1. மொத்தம் 11 பைட். இரண்டு மாதமும் 76 எம்பி. பைத்தானோடு வரும் அரே மாட்யூலே போதும், நம்பை இருந்தால் கணக்கு வேகமாகும்.

நம்பையின் 2 பைட் முழு எண்ணில் ஒரு குழி இருக்கிறது. அதில் 32767 வரைதான் கொள்ளும். 18.4 டிகிரி 184 ஆகவும், 93.2 சதவீதம் 932 ஆகவும் இருக்கும்போது இரண்டு பத்தியையும் பெருக்கினால் வர வேண்டியது 1,71,488. வருவது கழித்தல் 25,120. எச்சரிக்கை எதுவும் வராது. பெருக்கும் முன் 4 பைட்டுக்கு மாற்றுங்கள். அதேபோல ஃப்ளோட்32-இல் சேமித்து வைப்பது இந்தச் சென்சாருக்குத் தாராளம், ஏழு இலக்கம் சுத்தமாக நிற்கும். கூட்டல் மட்டும் ஃப்ளோட்64-இல் நடக்கட்டும்.

அட்டவணைத் தரவுக்கான பாண்டாஸ் நூலகத்தைப் பயன்படுத்துவதானால் ரீட்சிஎஸ்வியில் மூன்று விஷயம். வேண்டிய பத்திகளை மட்டும் யூஸ்கால்ஸில் சொல்லுங்கள், வகையை டிடைப்பில் சொல்லுங்கள், சங்க்சைஸ் 2 லட்சம் வைத்துத் துண்டு துண்டாகப் படியுங்கள். மெமரி யூசேஜ் பார்க்கும்போது டீப் என்பதை ட்ரூ ஆக்காவிட்டால் சரப் பத்திகளுக்குச் சுட்டியை மட்டும் எண்ணிச் சொல்லும், மேலே சொன்ன அதே மேல்தோல் பிழை. இடப் பெயருக்கு கேட்டகரி வகை பிரமாதமாக வேலை செய்யும். தேதிப் பத்தி மாதிரி ஒவ்வொன்றும் வேறு என்றால் அதைக் கேட்டகரி ஆக்கி லாபமில்லை, கூடத்தான் தின்னும். இன்னொரு சூட்சுமம்: முதல் துண்டில் நாகலூர் மட்டும், இரண்டாம் துண்டில் வெள்ளக்கடையும் என்று கேட்டகரிகள் வேறுபட்டால், இணைக்கும்போது பாண்டாஸ் சத்தமில்லாமல் சாதாரணப் பொருள் பத்தியாக மாற்றிவிடும். எல்லா இடப் பெயரையும் முதலிலேயே பட்டியலிட்ட கேட்டகரி வகையைக் கொடுத்தால் இது வராது. லூப்புக்குள் ஒவ்வொரு துண்டையும் பழையதோடு கான்கேட் செய்வது, ஒவ்வொரு தடவையும் மொத்தத்தையும் நகலெடுப்பது. துண்டிலேயே சுருக்கிவிட்டு, சுருக்கத்தை மட்டும் சேர்த்து வையுங்கள்.

ஓர் இடைச்செருகல். யாராவது முழுக் கோப்பையும் ரீட் என்று ஒரே சரமாக எடுத்தால், தமிழ் இருப்பதால் குறியீட்டுக்கு 2 பைட் வீதம் சுமார் 600 எம்பி ஆகும். அந்தக் கோப்பில் எங்காவது குறிப்புப் பத்தியில் ஒரே ஒரு ஸ்மைலி இருந்தால் மொத்தச் சரமும் 4 பைட்டுக்கு மாறி 1.2 ஜிபி!

இனி டெல். டெல் பெயரை அழிக்கிறது, பொருளை அல்ல. வேறு யாரும் அந்தப் பொருளைப் பிடித்திருக்காவிட்டால் அதுவும் அப்போதே போகும், ஜிசி வரை காத்திருப்பதில்லை. ஒன்றையொன்று சுட்டிக்கொண்டு நிற்கும் வளையங்களுக்குத்தான் ஜிசி. உங்கள் டிக்ஷனரிகளில் வளையம் இல்லை, ஆகவே ஜிசி கலெக்டுக்கு அங்கே வேலையும் இல்லை. ஜூபிட்டர் நோட்புக்கில் ஓட்டினால் ஒன்று பாருங்கள்: செல்லின் கடைசி வரியில் பெயரை எழுதித் திரையில் காட்டியிருந்தால் அதை அவுட் வரலாறு பிடித்துக்கொண்டே இருக்கும், நீங்கள் எத்தனை டெல் போட்டாலும். நம்பையில் பெரிய அரேயிலிருந்து ஐந்து வரி வெட்டி வைத்தாலும் அந்த ஐந்து வரி பெரிய அரே முழுவதையும் பிடித்திருக்கும், காப்பி போட்டு வைத்தால்தான் விடும்.

பொருள் போன பிறகும் டாப்பில் ரெஸ் (நிஜமாகப் பிடித்திருக்கும் ராம்) எண் இறங்காததற்குக் காரணம் பைத்தானின் சொந்தக் கிடங்கு. 512 பைட் வரையான சின்னப் பொருள்களுக்கு அது கெர்னலிடம் 1 எம்பி அரீனாக்களாக வாங்கி, உள்ளே 16 கேபி அறைகளாகப் பிரித்துக்கொள்கிறது. 3.10-க்கு முன் 256 கேபியும் 4 கேபியும். லீ பஜாரில் வாடகைக் குடோன் மாதிரிதான். ஒரே ஒரு மூட்டை மூலையில் கிடந்தாலும் குடோனைத் திருப்பிக் கொடுக்க முடியாது. லட்சக்கணக்கான சரங்கள் போனபிறகு அங்கங்கே ஒன்றிரண்டு உயிரோடு இருந்தால் அத்தனை அரீனாவும் நின்றுவிடும். அந்த இடம் வீணாவதில்லை, அடுத்து பைத்தான் கேட்கும்போது அதிலிருந்தே கிடைக்கும். ஆனால் பக்கத்தில் ஓடும் மற்ற புரோகிராமுக்குக் கிடைக்காது. கட்டாயம் திரும்ப வேண்டுமென்றால், கனமான வேலையைத் தனிப் புராசஸில் செய்யுங்கள். புராசஸ் முடிந்தால் எல்லாம் கெர்னலுக்கே. மல்டிபுராசஸிங் பூலில் மேக்ஸ்டாஸ்க்ஸ்பர்சைல்டு 1 என்று வைக்கலாம், அல்லது ஷெல்லில் மாதத்துக்கு ஒருமுறை ஸ்கிரிப்டைக் கூப்பிடும் நாலு வரி லூப். பின்னதே எளிது.

மலைமேல் இருக்கும் ராஸ்பெர்ரி பைக்கு வருவோம். நாளுக்கு நாள் ஒரே திசையில் ஏறினால் ஏதோ ஒரு கொள்கலனுக்குள் போடுவது நடக்கிறது, எடுப்பது நடக்கவில்லை. முதல் சந்தேகம் ‘அனுப்ப முடியாதவற்றை வைத்து மறுபடி அனுப்பும்’ லிஸ்ட். ஒரு பையின் கீழ் 10 பெட்டி என்றால் நெட் இல்லாத ஒரு நாளில் 28,800 செய்தி. டிக்ஷனரி, ஜேசன் சரம் எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 1 கேபி என்று வைத்தாலும் நாளைக்கு 29 எம்பி. நெட் வந்த பிறகு வெற்றிகரமாக அனுப்பியதை லிஸ்டிலிருந்து நீக்கும் வரி எல்லாக் கிளையிலும் இருக்கிறதா பாருங்கள். டைம்அவுட் ஆன கிளையில் விட்டுப்போயிருப்பது வழக்கம். லிஸ்டுக்குப் பதில் டெக் என்ற கொள்கலனை எடுத்து மேக்ஸ்லென் (அளவு வரம்பு) வைத்தால் வீங்காது, ஆனால் நிறைந்ததும் பழையதைச் சொல்லாமல் கொள்ளாமல் தள்ளிவிடும், மழை நாள் தரவுதான் போகும். வரிசையை எஸ்கியூலைட் கோப்பில் வைப்பதே சரி. கரண்ட் போனாலும் இருக்கும்.

அடுத்த சந்தேகங்கள்: ஃபங்ஷனின் விடைகளைச் சேமித்து வைக்கும் எல்ஆர்யூ கேஷுக்கு மேக்ஸ்சைஸ் நன், அதாவது வரம்பில்லை என்று கொடுத்திருப்பது. நேரத்தை அளவுருவாக வாங்கும் ஃபங்ஷனுக்கு அதைப் போட்டால் ஒவ்வொரு அழைப்பும் புதிய பதிவு, ஒன்றும் திரும்பப் பயன்படாது. பிழைகளை ‘பிறகு பார்க்கலாம்’ என்று லிஸ்டில் சேர்ப்பது. ஒவ்வொரு எக்ஸெப்ஷனும் தன் ட்ரேஸ்பேக்கையும், அது வழியாக அந்த ஃபங்ஷனின் உள் மாறிகள் எல்லாவற்றையும் பிடித்திருக்கும். எழுத்தாக மாற்றி லாகில் எழுதிவிட்டு விடுங்கள். மணிக்கு ஒரு படம் வரையும் மேட்பிளாட்லிப்பில் குளோஸ் போடாதது. 20 படத்துக்கு மேல் திறந்திருந்தால் அதுவே எச்சரிக்கும், அந்த எச்சரிக்கை உங்கள் லாகில் இருக்கிறதா தேடுங்கள்.

தேடியும் கிடைக்காவிட்டால், எந்த வரி எவ்வளவு மெமரி வாங்கியது என்று பதிவு செய்யும் ட்ரேஸ்மேலாக். பைத்தானுக்கு பெரிய எக்ஸ் சுவிட்சில் ட்ரேஸ்மேலாக்=10 கொடுத்து ஓட்டினால் தொடக்கத்திலிருந்தே பதிவாகும். ஸ்கிரிப்ட் சூடேற அரை மணி விட்டு ஒரு ஸ்னாப்ஷாட், ஆறு மணி நேரம் கழித்து இன்னொன்று, கம்பேர்டூ மூலம் வரி எண் வாரியாக ஒப்பிட்டு முதல் பத்தை அச்சிடுங்கள். தொடங்கியவுடன் முதல் ஸ்னாப்ஷாட் எடுத்தால் இறக்குமதி செய்த மாட்யூல்கள்தான் பட்டியலை நிறைக்கும். ட்ரேஸ்மேலாக்கே மெமரியும் நேரமும் எடுக்கும். 1 ஜிபி போர்டில் 10 தாங்காவிட்டால் 1 வையுங்கள். ட்ரேஸ்மேலாக் எண் சமமாக நிற்க, ரெஸ் மட்டும் ஏறினால், லீக் பைத்தான் பொருள்களில் இல்லை, சி நூலகத்திலோ மெமரி துண்டுபடுவதிலோ இருக்கிறது. பல திரெட் ஓடும் ஸ்கிரிப்டானால் மேலாக் அரீனா மேக்ஸ் என்ற சூழல் மாறியை 2 ஆக்கிப் பாருங்கள். லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி 64 பிட்டில் இயல்பாக ஒரு கோருக்கு 8 அரீனா (மேலே சொன்ன பைத்தான் அரீனா அல்ல) வரை போகும்.

பிஎச்பி அறிக்கைப் பக்கம் பற்றிக் கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். 134217728 பைட் தீர்ந்தது என்ற பிழை, 128 எம்பி இயல்பு எல்லை. எல்லையை உயர்த்தும் முன் ஃபெட்ச்ஆல் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் வரி வரியாக ஃபெட்ச் ஆக்குங்கள். மைஎஸ்கியூஎல் விடை அப்போதும் மொத்தமாக பிஎச்பி பக்கம் வந்து நிற்கும். பஃபர் இல்லாத வினவலுக்கு மாறினால் அதுவும் வராது, ஆனால் அந்த விடையைப் படித்து முடிக்கும்வரை அதே இணைப்பில் அடுத்த வினவல் போட முடியாது.

காரணம் கண்டுபிடிக்கும்வரை ராஸ்பெர்ரி பையைக் காலையில் யாரும் மலையேறிப் போய்த் தட்டி எழுப்ப வேண்டாம். ஸ்கிரிப்டைப் பின்னணியில் ஓட்டும் சிஸ்டம்டியின் சர்வீஸ் கோப்பில் மெமரிமேக்ஸ் 300எம், ரீஸ்டார்ட் ஆன்-ஃபெயிலியர் என்று இரண்டு வரி சேருங்கள். வீங்கினால் அந்தச் சர்வீஸ் மட்டும் விழுந்து மறுபடி எழும், தூரத்திலிருந்து உள்ளே நுழையும் எஸ்எஸ்எச் உயிரோடு இருக்கும். ராஸ்பெர்ரி பையின் பல பதிப்புகளில் மெமரி சிகுரூப் (மெமரி எல்லையை அமல்படுத்தும் கெர்னல் வசதி) அணைத்தே வருகிறது. பூட் பகுதியில் உள்ள சிஎம்டிலைன் கோப்பின் ஒரே வரியின் முடிவில் சிகுரூப் எனேபிள் சமம் மெமரி என்பதைச் சேர்த்து ரீபூட் செய்யாவிட்டால் மெமரிமேக்ஸ் எழுதியிருந்தும் எழுதாதது போலத்தான். எஸ்டி கார்டில் 2 ஜிபி ஸ்வாப் போட்டு ஒப்பேற்றும் யோசனை வேண்டாம். கார்டு மெதுவானது, ஓயாமல் எழுதினால் சீக்கிரம் தேய்ந்தும் போகும். அப்புறம் மெமரியும் போய்த் தரவும் போகும்.